மிளகாய் அழுகலுக்குச் சுண்ணாம்பா, செம்பு மருந்தா, கூரையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும், வாசலில் நாலு பாலிபேக்கில் மிளகாய் வைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் குறையவில்லை. காய் அழுகத் தொடங்கியதும் ஒருவர் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொல்கிறார். ஒருவர் உரக்கடையில் செம்பு மருந்து வாங்கி அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் செடியையே பிடுங்கி எறியச் சொல்கிறார். மூன்றும் பயனுள்ள யோசனைகள்தாம், ஆனால் மூன்றும் வெவ்வேறு கோளாறுகளுக்கு உரியவை. ஆகவே எந்த மருந்து சிறந்தது என்று கேட்பதற்கு முன், அழுகல் செடியின் எந்த இடத்தில் தொடங்கியது என்பதைப் பார்க்க வேண்டும்.

காயில் வரும் அழுகல்களில் அதிகம் குழப்புபவை இரண்டு. நுனி அழுகல் என்பது நோயே அன்று. காயின் நுனியிலோ அதை ஒட்டிய பக்கத்திலோ வெளிறிய பழுப்புத் திட்டு ஒன்று தோன்றி, உலர்ந்த தோல்போல் சுருங்கும். பிறகு அதன்மேல் கரும்பூசணம் படர்வதால்தான் பலர் அதைப் பூஞ்சை நோய் என்று எண்ணுகிறார்கள். ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் அப்படியன்று: காயின் எந்தப் பகுதியிலும் வட்டமாகக் குழி விழுந்து, வளையத்திற்குள் வளையமாக விரிந்து, ஈரமான நாட்களில் நடுவில் இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ வித்துத்திரள் தெரியும். பச்சைக் காயிலேயே நுழைந்து மறைந்திருந்து, பழுக்கும்போது வெளிப்படுவது அதன் இயல்பு. குடைமிளகாயிலும் கூலாய் போன்ற நீண்ட இரகங்களிலும் நுனி அழுகல் வரும். சிறிய ஊசி மிளகாயில் அது அரிது என்பதால், அங்கே குழி விழுந்தால் ஆந்த்ராக்னோஸையே முதலில் சந்தேகிக்கலாம். எந்த முடிவுக்கு வருமுன்னும் ஒரு காயைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. எந்தப் பூஞ்சை மருந்தும் அங்கே வீண்.

நுனி அழுகலுக்குக் காரணம் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராதது. அந்தச் சத்து வேர் உறிஞ்சும் நீரோடுதான் மேலேறுகிறது. இலைகள் நீரை அதிகம் ஆவியாக்குவதால் பெரும்பங்கை அவையே இழுத்துக்கொள்ள, காய்க்கு மிச்சமே கிடைக்கிறது. ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் வெள்ளமாகவும் நீர் விடும் தொட்டியில் அந்த மிச்சமும் தடைப்படும். முட்டை ஓடு கரைவதற்கு மாதங்கள் ஆகும். இன்று அழுகும் காய்க்கு அது உதவாது. நம் புளிப்பான மண்ணுக்கு, நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைக் கலப்பது அதைவிட மேல். விரைவாகக் கிடைக்க வேண்டுமானால் ஏ, பி என்று இரு பகுதிகளாக விற்கும் ஏபி உரத்தின் ஏ பகுதியில் உள்ள கால்சியம் நைட்ரேட்டே சரியானது. ஆனால் இம்மூன்றையும்விட, காலையில் ஒரே அளவாக நீர் ஊற்றி, மண்ணின்மேல் காய்ந்த புல்லைப் பரப்புவதே அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. இலையில் தெளிக்கும் சுண்ணாம்புச் சத்து காய்க்கு இறங்குவது மிகக் குறைவு. கோழி எருவையும் யூரியாவையும் அளவின்றிப் போட்டால் கோளாறு கூடும்.

ஆந்த்ராக்னோஸுக்குச் செம்பு ஆக்ஸிகுளோரைடும் மான்கோசெப்பும் போட்டி மருந்துகள். லிட்டருக்கு முன்னது 2.5 கிராம், பின்னது 2 கிராம் என்பது தமிழகத்தில் வழங்கும் பரிந்துரை. இங்கே வாங்கும் பொட்டலத்தில் உள்ள அளவையும் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களையுமே பின்பற்ற வேண்டும். இரண்டுமே காவல் மருந்துகள்தாம். அழுகிவிட்ட காயை மீட்கா, அடைமழை கழுவிவிட்டால் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும். மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் மறுத்துவிட்டது. குழந்தைகள் பறித்துத் தின்னும் வீட்டுச் செடிக்கு நான் செம்பையே தேர்வேன், அதுவும் கூரை அமைக்க வழியில்லாதபோது மட்டும். ஏனெனில் இந்நோய் மழைத்துளி தெறித்துத்தான் காய்க்குக் காய் தாவுகிறது; ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல்தோறும் இடியோடு கொட்டும் மழைக்கு எதிரே, செடிக்கு மேல் கட்டிய ஒரு தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பு எந்த மருந்தையும் மிஞ்சும். புள்ளி விழுந்த காய்களை அன்றே பறித்துக் குப்பையில் கட்டிப் போடுவதும், அவற்றிலிருந்து விதை எடுக்காமல் இருப்பதும் அதனுடன் சேர வேண்டும்.

செடியே வாடினால் கணக்கு வேறு. தண்டின் அடிப்பகுதி கறுத்து ஈரமாக இருந்தால் அது பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி தரும் அழுகல். அது உண்மையான பூஞ்சை அன்று என்பதால் கார்பென்டாசிம் என்ற பூஞ்சை மருந்து அதைத் தொடாது, மெட்டலாக்ஸில் போன்ற மருந்துகளே வேலை செய்யும், அதுவும் தொடக்கத்தில் மட்டும். வெளியே கறுப்பு எதுவும் இல்லாமல், இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டால், அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்தில்லை, வேரோடும் மண்ணோடும் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, இஞ்சி எதையும் வைக்காமல், தேங்காய் நார்த்தூள் நிரப்பிய புதுப் பாலிபேக்குக்கு மாறுவதே வழி. ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை நடும்போதே கலந்தால் வேரழுகல் பூஞ்சைகளை ஓரளவு தடுக்கும். வாடிய செடியை அது எழுப்பாது, செம்பு மருந்தோடு கலந்தால் அதன் பலனும் குறையக்கூடும்.

கூரைக்கும் ஒரு குறை உண்டு. மழை கழுவாத இலைகளில் சிலந்திப்பேனும் இலைப்பேனும் பெருகி, குருத்து சுருளும். ஆகவே கூரைக்குக் கீழே வளரும் செடியின் இலைகளை வாரம் இருமுறையாவது திருப்பிப் பார்த்து, காலை வேளையில் அடிப்புறத்தை நீரால் பீய்ச்சிக் கழுவி, வெயில் ஏறுமுன் உலரவிட வேண்டும்.