பகலில் திறக்கும், இரவில் அடம்பிடிக்கும்: கல்லடியில் ஆறரை வருட ரோலர் கதவு

2019 ஆவணியில் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக் கார் செட்டுக்கு ரிமோட்டில் வேலை செய்யும் ரோலர் கதவு போட்டோம். இப்போது ஆறரை வருடம். இந்தக் காலத்துக்குள் திறக்க மாட்டேன் என்று அது நின்ற நாட்களை எண்ணினால் பத்துப் பதினொன்று வரும். அதில் மோட்டரில் உண்மையாகவே பிழை வந்தது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் மணல், எறும்பு, பற்றரி, பல்ப், மாமா. வாங்க நினைப்பவர்களுக்கும், இப்போது பூட்டிய கதவுக்கு முன்னால் ரிமோட்டோடு நின்றுகொண்டு இதை வாசிப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே கதவு கண்டியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு ஒழுங்கைதான். மாரியில் வாடைக்காற்று உப்பைக் கொண்டுவந்து தகட்டில் பூசும், கோடையில் கச்சான் காற்று ஊரிலுள்ள புழுதி முழுவதையும் அள்ளிக்கொண்டு வரும். கதவு தகடு நல்ல தகடுதான், துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சு, நடுப்பகுதியில் இன்றைக்கும் ஒரு புள்ளி கறள் இல்லை. ஆனால் ஆணி அடித்த ஓட்டைகளிலும், வெட்டிய விளிம்புகளிலும், அடிப்பட்டியிலும் இரண்டாவது வருடமே கறள் தொடங்கிவிட்டது. பூச்சு வெட்டுப்பட்ட இடத்தில்தான் உப்பு பிடிக்கும், கதவைப் பொருத்திய அன்றைக்கே அந்த விளிம்புகளுக்கு ஒரு பூச்சு அடித்திருக்க வேண்டும்.

முதல் பெரிய சண்டை 2020 ஆனியில். காலையில் வேலைக்குப் போக நிற்கிறேன், கதவு முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினால் கொஞ்சம் ஏறும், நிற்கும். நானும் விடாமல் அழுத்தினேன், இருபது தடவை இருக்கும், கடைசியில் மோட்டரில் கை வைக்க முடியாத சூடு, ஒரு சத்தமும் இல்லை. கதவு போட்ட கடையிலிருந்து வந்த பொடியன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "சேர், மோட்டர் போயிட்டு, புதுசுதான் போடணும்" என்றான். விலையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் காத்தான்குடியிலிருந்து ஒரு நானாவைக் கூட்டி வந்தார் பக்கத்து வீட்டு அண்ணன். நானா மோட்டரைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் கதவு ஓடும் சனலுக்குள் ஒரு ஸ்குரூ டிரைவரை விட்டு இழுத்தார், கறுப்பாகக் களி மாதிரி ஒன்று வந்தது. "இது ஆரு கிறீஸ் போட்டது?" நான்தான். சத்தம் போடுகிறதே என்று இரண்டு மாதத்துக்கு முன் கை நிறைய அள்ளிப் பூசியிருந்தேன், கச்சான் மணல் முழுவதும் அதில் ஒட்டி அரத்தாள் மாதிரி ஆகியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தார். "மோட்டர்ல ஒரு பிழையும் இல்ல தம்பி. சூடு ஏறினா அது தானா நிக்கும், ஆறினா மறுகா ஓடும்" என்று சொல்லி சுவிட்சை அழுத்தினார், ஏறிவிட்டது. மோட்டருக்குள் சூட்டுக்கு அணையும் பாதுகாப்பு ஒன்று இருக்கிறது, அரை மணித்தியாலம் சும்மா விட்டால் தானாக வந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். அந்தக் கடைப் பொடியனுக்கு அது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட பழக்கம் இதுதான்: ரிமோட்டுக்குத் திறக்காவிட்டால் உடனே சுவர் சுவிட்சை அழுத்திப் பார்ப்பேன். சுவருக்குத் திறந்தால் மோட்டரை மறந்துவிடலாம், பிரச்சினை ரிமோட்டிலோ அதன் சிக்னலை வாங்கும் பெட்டியிலோ. என்னுடைய ரிமோட்டுக்கு வராமல் மனைவியின் ரிமோட்டுக்கு வந்தால் பற்றரி. எங்களுடையதில் 12 வோல்ட் 27ஏ சிறிய பற்றரி, ஒன்றரை வருடம் வரும், சாகும் முன் கதவுக்குக் கிட்டப் போனால் மட்டும் வேலை செய்யும். சுவருக்கும் வராவிட்டால் ட்ரிப் சுவிட்ச், ப்ளக். மோட்டர் உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர், 2023இல் வந்த அந்த ஒரே மோட்டர் பிழையும் அதுதான், மாற்றியதும் சரி. மோட்டர் நன்றாக ஓடுகிறது, கதவு மட்டும் அசையவில்லை என்றால் கதவைக் கையால் தூக்குவதற்காக மோட்டரிலிருந்து விடுவிக்கும் கைவிடுவிப்புக் கயிற்றை யாரோ இழுத்திருக்கிறார்கள். கதவின் அடியில் இருக்கும் சென்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், அது மறிக்கப்பட்டால் கதவு பூட்டாது, திறப்பதை அது தடுப்பதில்லை. குறைந்தது எங்களுடையதில் அப்படித்தான்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாழைச்சேனையிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கினார், கள்ளர் பயத்தில் இரவு கதவின் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுப் படுத்தார். விடிய நான் ரிமோட்டை அழுத்த, மோட்டர் இழுக்க, தாழ்ப்பாள் விட மறுக்க, கீழ்த் தகடு இரண்டும் வாழையிலை மாதிரி மடிந்தன. மாமாவிடம் ஒன்றும் சொல்ல முடியுமா? மோட்டர் போட்ட கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று அன்றைக்கே கழற்றி எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றிலும் மண்டையைக் குடைந்தது 2021 மார்கழியில் வந்தது. கதவு பகலில் ஒழுங்காகத் திறக்கும், இரவில் திறக்காது. காரை ஒழுங்கையில் நிறுத்தி அழுத்து அழுத்தென்று அழுத்தினாலும் அசையாது, இறங்கிப் போய்க் கதவோடு ரிமோட்டை ஒட்டிப் பிடித்தால் சிலவேளை எழும்பும். புதுப் பற்றரி போட்டேன். மனைவியின் ரிமோட்டும் அப்படியே. மழை ஈரம் என்றார் ஒருவர், ஆனால் மழை இல்லாத இரவிலும் அதே கதைதான். பெட்டியைத் திறந்து பார்த்தோம், கருகிய எறும்புகள் ஒரு கைப்பிடி இருந்தன, துடைத்தோம் (எறும்பு இன்னொரு தடவை சுவிட்சைத் தின்றது, அது வேறு கதை), அன்றிரவும் திறக்கவில்லை. மாமி ஒரு எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு கோத்துக் கொண்டுவந்து கதவில் கட்டச் சொன்னார். கட்டினேன், சும்மா சொல்லக்கூடாது.

கண்டுபிடித்தது மகன். ஒரு நாள் இரவு செட்டுக்குள் இருந்த பல்பை அணைத்துவிட்டு சைக்கிளை எடுக்க வந்தவன், "அப்பா, இப்ப அழுத்துங்க" என்றான். திறந்தது. பல்பைப் போட்டான், பூட்ட அழுத்தினேன், இல்லை. அணைத்தான், பூட்டியது. கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு சந்தையில் மலிவாகக் கிடைத்த எல்ஈடி பல்ப் ஒன்றை நான்தான் செட்டுக்குள், அந்தப் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் போட்டிருந்தேன். மலிவான எல்ஈடி பல்புகளுக்குள் இருக்கும் சின்ன மின்சுற்று ரேடியோ இரைச்சலை விடும். ரிமோட் பேசுவது 433 மெகாஹேர்ட்ஸில், அந்த இரைச்சலுக்குள் ரிமோட்டின் குரல் பெட்டிக்குக் கேட்பதில்லை. கோயில் லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று போன் கதைப்பது மாதிரி. பல்பை மாற்றி, பெட்டியிலிருந்து தள்ளியும் வைத்தோம், இன்றுவரை அந்தத் தொல்லை இல்லை. எலுமிச்சம்பழம் காய்ந்து விழும்வரை தொங்கியது, மாமி அதுதான் காரணம் என்று நம்புகிறார்.

அடுத்தது கரண்ட் இல்லாத நாட்கள். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்போது கதவுக்கென்று ஒரு யூபிஎஸ் வாங்கிப் பூட்டினோம். அருமையாக வேலை செய்தது, கதவு திறந்தது, காருக்குப் பெற்றோல்தான் இல்லை. பிறகு கரண்ட் சீரானது, நாங்களும் அந்த யூபிஎஸ்ஸை மறந்துவிட்டோம்.

2025 மாசி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. களுவாஞ்சிக்குடியில் மச்சாள் வீட்டுக் குடிபூரல், பகல் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். பதினொன்றரை மணிபோல் கரண்ட் போனது, நாடு முழுவதும் போனது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று பிறகு அமைச்சரே சொன்னார். யூபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் சாவகாசமாகக் குளித்து வெளிக்கிட்டு வந்து அழுத்தினேன். கதவு ஒரு சாண் ஏறியது, முனகியது, நின்றது. மூன்று வருடமாக ஒரு தடவைகூடச் சோதிக்காத பற்றரி.

கைவிடுவிப்புக் கயிறு இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது, செட்டுக்குள், மோட்டருக்குக் கீழே. எங்கள் செட் வீட்டோடு சேராமல் மதில் ஓரமாகத் தனியாக நிற்கிறது, இந்தக் கதவைத் தவிர வேறு வாசல் இல்லை. ஒரு சாண் இடைவெளியால் குப்புறப் படுத்துப் பார்த்தால் கயிறு தெரிகிறது, அதன் நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் பிடியும் தெரிகிறது. மாங்காய் பிடுங்கும் கொக்கைத்தடியை உள்ளே விட்டுப் பார்த்தேன், தடியை நிமிர்த்த இடமில்லை. பக்கத்து வீட்டுச் சின்னவன் தான் பூந்து போகிறேன் என்று நின்றான், அரைகுறையாக நிற்கிற கதவுக்குக் கீழே பிள்ளையை விடுவதா என்று மனைவி பேசிவிட்டாள், சரிதான். பட்டுவேட்டியில் மணலோடு கல்முனை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது பந்தியும் முடிந்திருந்தது.

அடுத்த கிழமையே நானா வந்து, அந்தக் கயிற்றோடு இரும்புக் கம்பி ஒன்றைக் கோத்துச் சுவரில் துளை போட்டு வெளியே திறப்புப் பூட்டு ஒன்று வைத்தார். திறப்பைப் போட்டுத் திருப்பி இழுத்தால் மோட்டர் விடும், கையால் தூக்கலாம். தூக்கிப் பாதியில் விட்டால் கதவு அப்படியே நிற்க வேண்டும், கதவின் பாரத்தைத் தாங்கும் சுருள்வில் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கல் மாதிரிக் கனத்தால் வில் தளர்ந்துவிட்டது, அதை நீங்களே கழற்றப் போக வேண்டாம், முறுக்கி வைத்த வில் கையை உடைக்கும். செட் தனியாக இருப்பவர்கள் இந்த வெளிப்பூட்டு இல்லாமல் கதவை வாங்கவே வேண்டாம். கடையில் இதைச் சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

மறுபடி வாங்குவேனா என்றால், ஓம். மாரி மழையில் இறங்கி நனையாமல் காரை உள்ளே விடுவது பழகிவிட்டது. இப்போதைக்கு அடி ரப்பர் மட்டும் கிழிந்திருக்கிறது, 2024 கார்த்திகை வெள்ளத்தில் ஊறியதிலிருந்தே அப்படித்தான், அந்த இடைவெளியால் ஒரு பூனை வந்து கார் பொனட்டில் படுக்கிறது. ரப்பர் வந்ததும் சொல்கிறேன் என்று நானா சொல்லி இரண்டு மாதமாகிறது.