எல்.இ.டி. பயிற்சிப் பெட்டி வாங்குவோர் கவனத்திற்கு: என் 6,400 ரூபாய் போயிற்று

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சால்டரிங் (மின் பாகங்களை உலோகம் உருக்கிப் பற்றவைப்பது) பழக்குவதற்காக 40 எல்.இ.டி. பயிற்சிப் பெட்டிகளை ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் வாங்கினேன். 6,400 ரூபாய். அரசுப் பணமல்ல, என் கைக்காசு.

பணம் கட்டும் முன்பே விற்பவரிடம் விசாரித்தேன். 12 வோல்ட் அடாப்டரில் மும்மூன்று எல்.இ.டி.க்களைத் தொடராக இணைக்கும் பெட்டி அது. வெள்ளை நிறம் ஒவ்வொன்றும் சுமார் 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றுக்கு 9.6 போக மிச்சம் 2.4 வோல்ட், 120 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடை) போட்டால் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஓடும், எல்.இ.டி.க்கு அது போதும். சிவப்புக்கோ சுமார் 2 வோல்ட்தான். மூன்றுக்கு 6 போக மீதி 6 வோல்ட்டும் ரெசிஸ்டரின் தலையில் விழும். அதற்கு 330 ஓமாவது வேண்டும். ஆகவே, "சிவப்புக்குத் தனி ரெசிஸ்டர் உண்டா?" என்றே கேட்டேன். "உண்டு சார், நிறவாரியாகப் பிரித்து மதிப்பை எழுதித்தான் அனுப்புகிறோம். எல்லாம் எரியவிட்டுப் பார்த்தவை" என்று பதில் வந்தது. கூடவே '330' என்று எழுதிய உறையின் படம். விவரம் தெரிந்தவர் என்று நம்பிப் பணம் கட்டினேன்.

உறையின் மேல் 330 இருந்தது. உள்ளே இருந்தது 120. பிள்ளைகள் பற்றவைத்து மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு வரிசைகள் கண் கூசுமளவு ஒளிர்ந்தன, ரெசிஸ்டர் கருகும் நெடி வந்தது, எல்.இ.டி.க்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. 50 மில்லி ஆம்பியர் ஓடியிருக்கிறது! கால் வாட் ரெசிஸ்டர் 0.3 வாட் சூட்டை எப்படித் தாங்கும்? "நான் தப்பாகப் பற்றவைத்துவிட்டேனா சார்?" என்று ஒரு சிறுமி அழுதாள். அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. மின் அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சிவப்பு உறை ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் 120 ஓம்.

புகார் செய்தால், "அடாப்டர் சரியில்லை" என்றார் விற்பவர். அளந்து காட்டினேன், 12 வோல்ட். "பிரித்த பெட்டியைத் திரும்பப் பெற மாட்டோம்" என்றார். பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? தளத்தைக் கேட்டால் விற்பவரிடம் பேசச் சொல்கிறார்கள். விற்பவர் தளத்தைக் கைகாட்டுகிறார். காணொளி கேட்டார்கள், அனுப்பினேன், மறுநாளே 'தீர்க்கப்பட்டது' என்று புகாரை மூடிவிட்டார்கள். 6,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. எது தீர்ந்தது?

வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். உறையில் எழுதியதை நம்பாதீர்கள், ரெசிஸ்டரை அளந்த பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள். எல்லா நிறத்துக்கும் ஒரே ரெசிஸ்டர் என்று விற்றால் வாங்காதீர்கள். பெட்டியைப் பிரிப்பதைப் படமெடுங்கள். இணைய வணிக விதிகள் 2020-இன்படி குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதைச் சொல்லிக் கேளுங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். 6,400 ரூபாயை விடப்போவதில்லை.