'அது'ன்னா எது? தங்கச்சி பிரசவத்துக்கு ஊருக்குப் போன கதை

லண்டனிலிருந்து ஐந்து வாரம் லீவு போட்டுவிட்டு, தங்கச்சி பிரசவத்துக்காகத் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்டது ஆஸ்பத்திரி எப்படி, செலவு எவ்வளவு என்றுதான். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுத வந்தது பிரசவத்துக்கு அப்புறம் வாரக்கணக்கில் போகிற உதிரப்போக்கைப் பற்றி.

அரசு ஆஸ்பத்திரி, சுகப்பிரசவம். யாரும் காசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் அரசின் இலவச 102 வண்டியில் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டார்கள். கையில் கொடுத்த காகிதத்தில் குழந்தைக்குப் போட்ட பிசிஜி தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தது. தாய்க்கு ஒரே வரி, இரும்புச்சத்து மாத்திரை. ரத்தம் எத்தனை நாள் போகும், நிறம் எப்படி மாறும், எது வந்தால் ஓடி வர வேண்டும் என்று ஒரு எழுத்து கிடையாது. வாயாலும் யாரும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மாவிடம் கேட்டால் "அழுக்கு ரத்தம், போற வரைக்கும் போகட்டும்" என்பதோடு முடிந்தது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது, வயிற்றை இறுக்கிக் கட்டணும், பூண்டு தின்னணும். வந்து போகிற உறவுக்காரர்கள் குழந்தை யார் ஜாடை என்று ஆராய்ந்தார்கள். இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள் அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று விசாரித்தார்கள். பெற்றவளை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் போக்கு குறைந்து பழுப்பாகியிருந்தது. காலையில் கக்கூஸிலிருந்து வந்தவள் முகம் வெளுத்துப்போய், "அக்கா, அது திரும்ப வருது" என்றாள். எது? "அதுதான், சிவப்பா." எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கிராம நர்ஸம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். பரிசோதனை அறையின் திரை பாதிக்கு மேல் மூடவில்லை, அந்தப் பக்கம் யாரோ ரசீது போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கேள்வியெல்லாம் என்னிடம் கேட்டார், படுத்திருந்தவளிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ஐந்து நாளைக்கு மாத்திரை, அப்புறம் கழுவிக்கொள்ள ஒரு வாசனைத் திரவம். என்ன பிரச்சனை என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்றார். ஒன்றுமில்லாததற்கு 1,950 ரூபாய். ஒன்றுமில்லை என்றால் அந்த மாத்திரை எதற்கு என்று கேட்கும் துணிச்சல் எனக்கு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வந்தது.

திங்கட்கிழமை கிராம நர்ஸம்மா வந்தார். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கை கழுவினார், குழந்தையை எடை போட்டார், அப்புறம் அம்மாவைப் பார்த்து "கொஞ்சம் டீ போடுங்கம்மா" என்று நாசூக்காக அடுப்படிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். தங்கச்சி பழைய பாட்டையே ஆரம்பித்தாள். "அது திரும்ப வந்துச்சு சிஸ்டர்."

"அதுன்னா எது? சிவப்பா, பழுப்பா, மஞ்சளா, வெள்ளையா? ஒரு மணி நேரத்துல பேடு முழுக்க நனையுதா? கட்டி வருதா, எலுமிச்சம்பழம் சைஸா, புளியங்கொட்டை சைஸா? நாத்தம் அடிக்குதா? காய்ச்சல், அடிவயித்து வலி?"

இருபது வருஷமாக என்னோடு ஒரே அறையில் படுத்தவள், என்னிடம் சொல்லாததை எல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். சிவப்பு, இரண்டு மணி நேரத்தில் நின்றுவிட்டது, கட்டி புளியங்கொட்டை அளவு, நாற்றம் இல்லை. கூடவே, அதற்கு முந்தின நாள் மாடிக்கு இரண்டு குடம் தண்ணீர் தூக்கியதும் வெளியே வந்தது. அது எனக்கே செய்தி.

நர்ஸம்மா அடிவயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு விளக்கினார். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் கர்ப்பப்பையில் ஒரு உள்ளங்கை அளவுக்குப் புண்ணாக இருக்குமாம். முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பு, அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் வரை இளஞ்சிவப்பும் பழுப்பும், அதற்கப்புறம் மஞ்சள் கலந்த வெள்ளை, நாலு முதல் ஆறு வாரம் வரைகூடப் போகலாம். இரண்டாவது வாரத்தில் அந்தப் புண்ணின் பொருக்கு உதிரும்போது ஒரு மணி, இரண்டு மணி நேரம் மறுபடி சிவப்பு தெரிவது வழக்கம்தான். குடம் தூக்கினால் அதிகமாகும். பால் கொடுக்கும்போது கர்ப்பப்பை சுருங்குவதால் வலித்துக்கொண்டு கொஞ்சம் கூடுதலாக வரும், ரொம்ப நேரம் படுத்துவிட்டு எழுந்தாலும் தேங்கினது குபுக்கென்று இறங்கும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியதை விரல் விட்டுச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு தொப்பலாக நனைந்தால், எலுமிச்சை அளவுக்குக் கட்டி விழுந்தால், கெட்ட நாற்றம் அடித்தால், காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், தலை சுற்றிப் படபடப்பு வந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் 108. உள்ளே நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருக்கலாம், இல்லை கிருமி ஏறியிருக்கலாம். வாசனைத் திரவத்தை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தார், வெளியே மட்டும் வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதையும் விட்டுக் கழுவாதே என்றார். மாத்திரையைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சீட்டைக் காட்டிக் கேட்கச் சொன்னார். டீயோடு வந்த அம்மாவிடம், பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீரைக் குறைக்காதீங்க என்றார். அம்மாவுக்கு முகம் சுருங்கியது, ஆனால் அன்றைக்கே ஒரு சொம்பு வெந்நீர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வயிற்றுக் கட்டு மட்டும் அவிழவில்லை.

லண்டனில் என் பிரசவத்துக்கு அப்புறமும் மிட்வைஃப், அதாவது மருத்துவச்சி, வீட்டுக்கு வந்து இதே கேள்விகளைக் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் "ஃபைன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன், கூச்சம். ஆங்கிலத்தில் சொல்லவே நாக்கு எழாதது எனக்குத் தமிழில் மட்டும் எழுந்துவிடுமா என்ன. எலுமிச்சம்பழம், புளியங்கொட்டை என்று யாராவது கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

நர்ஸம்மா போகும்போது தினமும் நிறத்தைக் குறித்து வைக்கச் சொன்னார். மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டரில் சி, ப, ம, வெ என்று தங்கச்சி பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாள். முப்பதாம் நாள் பெயர் வைக்கக் கூடியபோது, காலண்டருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இதென்னடி, சி, ப, ம?" என்றார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பால் கணக்கு."