நெஸ்காக், என்.சி.ஹெச்.ஏ., மயாக்: சிறு கல்லூரி ஐஸ் ஹாக்கியில் யார் கை ஓங்கியது?

மிடில்பரி கல்லூரியின் எட்டுத் தேசியக் கோப்பைகளைக் காட்டி, வடகிழக்கு அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டமைப்பான நெஸ்காக்தான் அமெரிக்கச் சிறு கல்லூரி ஐஸ் ஹாக்கியின் ராஜா என்று பலரும் சொல்கிறார்கள். கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அது அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின், சிறு கல்லூரிகளுக்கான மூன்றாம் டிவிஷனுக்கு ஆண்கள் தேசியப் போட்டி வந்ததே 1984-ல்தான். மிடில்பரி 1995 முதல் 1999 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றபோது, அது ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தது ஈ.சி.ஏ.சி. ஈஸ்ட் என்ற வேறொரு கூட்டமைப்பில். நெஸ்காக் 1971-லேயே உருவானாலும் சொந்தமாக ஹாக்கி லீக் நடத்தத் தொடங்கியது 1999-2000 சீசனில். தொண்ணூறுகளின் தொடக்கம் வரை தன் அணிகளைத் தேசியப் போட்டிக்கே அனுப்பாத, படிப்புதான் முக்கியம் என்று பிடிவாதம் பிடித்த கூட்டம் அது. ஆகவே ஆண்கள் பிரிவில் நெஸ்காக் கணக்கில் சேர்வது மிடில்பரியின் 2004, 2005, 2006, அப்புறம் டிரினிட்டியின் 2015. மொத்தம் நான்கு.

என் ஓட்டு என்.சி.ஹெச்.ஏ.வுக்கு. 1980-ல் தொடங்கிய இந்த மத்திய மேற்குக் கான்ஃபரன்ஸில் (கூட்டமைப்பில்) ஒரே கல்லூரியின் ஆதிக்கம் இல்லை. பெமிட்ஜி ஸ்டேட், விஸ்கான்சின் அரசுப் பல்கலைக்கழகங்களான ஸ்டீவன்ஸ் பாயின்ட், ரிவர் ஃபால்ஸ், சுப்பீரியர், ஓ க்ளேர், தனியார் கல்லூரிகளான செயின்ட் நார்பர்ட், ஏட்ரியன் என்று ஏழு கல்லூரிகள் அங்கிருந்து தேசியப் பட்டம் வென்றன. ஸ்டீவன்ஸ் பாயின்ட் மட்டும் 1989, 1990, 1991, 1993 என்று நான்கு.

2013-ல் வீடு இரண்டானது. விஸ்கான்சின் அரசு அணிகள் ஐந்தும் வயாக் என்ற தங்கள் சொந்தக் கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டன. ஐந்தே அணிகள் என்பதால், கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்குத் தேசியப் போட்டியில் தானாகக் கிடைக்கும் இடம் அப்போது அவர்களுக்கு இல்லை. கோப்பையை ஜெயித்த பிறகும் தேர்வுக் குழுவின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை. அப்படியிருந்தும் பிரிந்த முதல் சீசனிலேயே, 2014 தேசிய ஃபைனலில் மோதியவை செயின்ட் நார்பர்ட்டும் ஸ்டீவன்ஸ் பாயின்ட்டும்தான்! ஜெயித்தது செயின்ட் நார்பர்ட். 2016-ல் அதே ஜோடி மறுபடி ஃபைனலில் சந்தித்தபோது ஸ்டீவன்ஸ் பாயின்ட் பழி தீர்த்தது. பாதியாக உடைந்த பிறகும் இரு பாதிகளும் ஃபைனலுக்கு வருகின்றன என்றால், உடையாமல் இருந்தபோது அதன் கனம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மயாக் கதை வேறு. மின்னசோட்டா கல்லூரிகள் 1920-ல் சேர்ந்து அமைத்தது. மூன்றில் மூத்தது இதுதான். ஹாக்கி ஊறிய மாநிலம். மினியாபொலிஸின் ஆக்ஸ்பர்க் 1978, 1981, 1982-ல் தேசியப் பட்டம் வாங்கியது. ஆனால் அது என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறு அமைப்பின் பட்டம். என்.சி.ஏ.ஏ.வில் ஆண்கள் கோப்பை ஒன்றுகூட இல்லை. செயின்ட் தாமஸ் 2000-த்திலும் 2005-லும் ஃபைனலில் தோற்றது. எல்லா விளையாட்டிலும் மிஞ்சுகிறது என்று அந்தக் கல்லூரியை 2019-ல் மயாக்கே வெளியே அனுப்ப முடிவெடுத்தது. 2021-ல் அது நேராக முதல் டிவிஷனுக்குப் போய்விட்டது. கடைசியில் மயாக்கின் மானம் காத்தவர்கள் பெண்கள். 2023 ஃபைனலில் கஸ்டாவஸ் அடால்ஃபஸ் அணி மூன்றாவது கூடுதல் நேரம் வரை ஆடி 2-1 என்று ஜெயித்தது. தோற்றது ஆம்ஹர்ஸ்ட், அதாவது நெஸ்காக் அணி.