ரூமுக்கு ரூம் ஏசி கன்ட்ரோல்: 86,000 ரூபாய் போச்சு, வேலூர்க்காரங்க உஷார்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. பாதி கத்திரி வெயில், பாதி அந்த 86,000 ரூபாய்.

காட்பாடியில் எங்கள் வீடு. அண்ணன் துபாயில் இருந்தபோது ஆசையாகப் போட்ட 5.5 டன் டக்ட் ஏசி. ஒரே மெஷின், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடும் டக்ட் வழியாக மூன்று பெட்ரூமுக்கும் ஹாலுக்கும் காற்று வரும். குளிர் எவ்வளவு வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட் ஹாலில் ஒன்றுதான். இப்போது வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். ஆளில்லாத ரூமெல்லாம் ஜில்லென்று கிடக்கும், கரண்ட் பில் வந்தால் எனக்கு வயிறு எரியும்.

வேலூரில் ஏசி விற்றுப் பொருத்தித் தரும் ஒரு கடையில் இதற்கு வழி சொன்னார்கள். ஒவ்வொரு ரூமின் டக்ட்டிலும் மோட்டார் வைத்த டேம்பர், அதாவது திறந்து மூடும் தகடு. சுவரில் தனித்தனி தெர்மோஸ்டாட். வேண்டாத ரூமை மூடிவிடலாம். விஷயம் நிஜம்தான், ஒழுங்காகச் செய்தால் வேலை செய்யும்.

கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். பூஜை அலமாரியில் முருகன் படத்தைப் பார்த்ததும், "நானும் கிருத்திகைக்கு ரத்தினகிரி போவேன்மா" என்றார். அம்மா மோர் கொடுத்தார்கள். டேப் வைத்து டக்ட்டை அளந்து, எனக்குப் புரியும்படி படம் வேறு போட்டுக் காட்டினார். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணே, நம்ம வீட்டுக்கு எதுக்கு?" அங்கேதான் விழுந்தேன். பில் கேட்கவில்லை. அட்வான்ஸ் 50,000, வேலை முடிந்த அன்று 36,000. அதுவும் கடை பேருக்கு இல்லை, யாரோ ஒருத்தர் நம்பருக்கு யூபிஐயில். படித்தவன் நான், என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் நாள் ஹால் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா ரூமில் 24 வைத்தாலும் 20 வைத்தாலும் ஒரே புழுக்கம். போன் செய்தால், "பையனை அனுப்புறேண்ணே." மறுநாள், "பையன் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிட்டான்." அப்புறம், "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கு." கடைசியாக நேரில் போய் நின்றேன். "உங்க டக்ட் பழசு சார், நாங்க என்ன பண்றது?" அண்ணே சார் ஆகிவிட்டது, கவனியுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டு சீலிங்கைத் திறந்தோம். நாலு டேம்பரில் இரண்டில்தான் மோட்டார். மற்ற இரண்டும் கையால் திருகுவது; அம்மா ரூமுடையது முக்கால்வாசி மூடியே கிடந்தது. அந்த ரூம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பின்னால் ஒயரே இல்லை, இரண்டு பேட்டரி! பத்து நாளாக அம்மா அந்த பட்டனைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

சொட்டியதற்கும் அந்த மெக்கானிக்கே காரணம் சொன்னார். எங்களுடையது இன்வெர்ட்டர் ஏசி இல்லை, பழைய மெஷின். ஒரே வேகத்தில்தான் ஓடும். ரூம்களை மூடினால் மிச்சக் காற்று போக பைபாஸ் வழி வைக்க வேண்டும். வைக்கவில்லை. காற்றைக் குளிரவைக்கும் காயிலின் (coil) மேல் காற்றோட்டம் குறைந்து ஐஸ் கட்டி, அது உருகி வழிந்திருக்கிறது. இப்படியே ஓட்டினால் கம்ப்ரசரும் போகும் என்று நிறுத்தி வைத்துவிட்டார். ஆக, 86,000 கொடுத்து இருந்த ஏசியும் இல்லை.

இதையெல்லாம் எப்படிச் செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. பில் இல்லாமல் பணம் தராதீர்கள். சீலிங்கை மூடும் முன் ஒவ்வொரு டேம்பரையும் உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். பைபாஸ் எங்கே என்று கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது என்று சொன்னார்கள். யூபிஐ ரசீதும் அவர் போட்ட படமும் கையில் இருக்கின்றன, திங்கட்கிழமை போகிறேன்.

அம்மா டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார்கள். சீலிங் இன்னும் திறந்தே கிடக்கிறது.