மோரில் வே, மிளகுத் தண்ணியில் பட்டாணி: இனிப்பு பிடிக்காதவனின் புரோட்டீன் கணக்கு

தொதலுக்குப் பேர்போன கீழக்கரையில் பிறந்துவிட்டு இனிப்பு பிடிக்காது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சர்க்கரை வியாதி எல்லாம் இல்லை, நாக்குக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். ஜிம்மில் சேர்ந்ததும் எல்லாரையும் போல நானும் சாக்லேட் புரோட்டீன் டப்பா ஒன்றை வாங்கினேன். காலையில் குடித்தால் அந்தச் செயற்கை இனிப்பு லுஹர் (மதியத் தொழுகை) வரைக்கும் தொண்டையில் நிற்கும். ஒரு வாரத்தில் டப்பா மச்சான் வீட்டுக்குப் போய்விட்டது.

அப்புறம் உப்பு உறைப்போடு குடிக்கிற மாதிரி இரண்டைப் பிடித்தேன். முதலில் ஃப்ளேவர் சேர்க்காத வே ஐசோலேட், மோரில். வே என்பது பால் திரியும்போது பிரிகிற தண்ணியிலிருந்து எடுக்கிற புரோட்டீன், அதை நன்றாகச் சுத்திகரித்தால் ஐசோலேட். அடுத்து பட்டாணி புரோட்டீன், சூடான மிளகுத் தண்ணியில். ஒவ்வொன்றும் இரண்டு மாதம். இப்போது வீட்டில் இருப்பது பட்டாணி டப்பாதான், அதனால் இந்த அலசலில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

புரோட்டீன் அளவில் சண்டை போட ஒன்றும் இல்லை. 30 கிராம் பவுடருக்கு என் வே டப்பாவில் 26 கிராம், பட்டாணியில் 24. பொட்டுக்கடலை மாவை மோரில் கரைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ருசி அருமை, ஆனால் அதே 30 கிராமில் 6, 7 கிராம்தான் தேறும். பசிக்குக் குடிக்கலாம்.

வே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புளிப்புக்கு அது அசையாது. நன்றாகப் புளித்த மோர், உப்பு, வறுத்த சீரகத்தூள், நசுக்கிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகைப் பெருங்காயம், எல்லாம் சேர்த்துக் குலுக்கினால் நுரை பொங்கி, சித்திரை வெயிலுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். வாங்கினால் ஐசோலேட்டாக வாங்குங்கள். அவ்வளவு சுத்திகரிக்காத கான்சன்ட்ரேட்டில் பால் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், ஃப்ளேவர் இல்லாவிட்டாலும் லேசாகப் பால் தித்திப்பு தெரியும், நம்மைப் போன்ற நாக்குக்கு அதுவே அதிகம். ஒரே தடை சூடு. கொதிக்கக் கொதிக்க எதிலாவது போட்டால் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிவிடும்.

பட்டாணிக்கு வருவோம். சாக்லேட்டோடு சேர்த்துக் குடித்தவர்கள் எல்லாம் "பச்சைப் பருப்பு வாடை அடிக்கிறது" என்று இதைத் திட்டுவார்கள். உண்மைதான், அடிக்கும். ஆனால் நாம் ரசத்தில் ஊற்றுவதே பருப்புத் தண்ணியைத்தானே? சாக்லேட்டில் குற்றமாகத் தெரிந்த வாடை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்ட தண்ணியில் ஊரோடு ஒத்துப்போய்விடுகிறது. இது புரிந்த அன்றே எனக்குப் பாதி மனசு மாறிவிட்டது.

செய்முறையில் இரண்டு விஷயம் பட்டுத்தான் கற்றேன். பவுடரை நேராகச் சூட்டில் கொட்டக் கூடாது, கால் டம்ளர் ஆறின தண்ணியில் கட்டியில்லாமல் குழைத்துக்கொண்டு மேலே சூடானதை ஊற்ற வேண்டும். இரண்டாவது புளி. பட்டாணிப் புரோட்டீன் புளிப்பில் கரையாமல் மணல் மாதிரி அடியில் தங்கும், அதனால் முழுப் புளி ரசம் வேண்டாம், பேருக்குக் கொஞ்சம் போதும். உப்பையும் குறையுங்கள், பவுடரிலேயே கொஞ்சம் இருக்கிறது. கோழி எலும்பு சூப்பில் நன்றாகவே சேர்ந்தது. மீன் ஆணத்தின் (குழம்பின்) தெளிவில் இரண்டு தடவைதான் போட்டேன், ஒரு நாள் பிரமாதம், ஒரு நாள் கவிச்சி, அதனால் அதில் கருத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது ருசியே இல்லை, கழுவுகிற வேலை. எங்கள் வீட்டுக் கிணறு உப்பு, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணி காசு கொடுத்து வாங்குவது, குடத்தை எண்ணித்தான் செலவு. வே மோரைக் குடித்த ஷேக்கரை உடனே கழுவினால் பிரச்சினை இல்லை. ராமநாதபுரத்தில் ஜிம்மை முடித்து, அங்கேயே குடித்துவிட்டு, வண்டி டிக்கியில் போட்டு வீட்டுக்கு வந்து திறந்தால், மூடியின் மரையிலும் ரப்பர் வளையத்திலும் ஒட்டியிருந்த மிச்சம் அந்தப் புழுக்கத்தில் கெட்டுப்போய் நாறும். வெந்நீர் ஊற்றினேன், இன்னும் மோசம், சூட்டில் அது வெந்து ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணியில் மூன்று முறை அலசி, கடைசியில் நல்ல தண்ணியில் அரைக் குடம். ஒரு டம்ளர் குடிக்க அரைக் குடம் தண்ணியா என்று பொண்டாட்டி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு மாதத்தில் இரண்டு ஷேக்கர் குப்பைக்குப் போயின.

பட்டாணிக்கு ஷேக்கரே வேண்டாம். எவர்சில்வர் டம்ளர், கரண்டி, தீர்ந்தது. அடியில் தங்குகிற மண்டியைச் சுழற்றிக் குடித்துவிட்டு ஒரு கை தண்ணியில் அலசிவிடலாம். ஒரு நாள் மறந்து போட்டாலும் காய்ந்து ஒட்டுமே தவிர அந்தப் பால் நாற்றம் வராது. ஜிம்முக்குச் சின்ன பிளாஸ்க்கில் மிளகுத் தண்ணி, தனியாக ஒரு பொட்டலம் பவுடர். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொள்ளட்டும்.

தண்ணிக் கஷ்டம் இல்லாத ஊரில், குடித்த இடத்திலேயே கழுவ முடிகிறவர்களுக்கு, கோடையில் வே மோர்தான் சரி என்பேன். கிட்னியில் கோளாறு உள்ளவர்கள் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இந்த ரமலானில் பள்ளிவாசலில் வாங்கிவந்த நோன்புக் கஞ்சியைக் கொஞ்சம் நீர்க்க விட்டு, என் கிண்ணத்தில் மட்டும் ஒரு கரண்டி பட்டாணி கலந்தேன். உம்மா கிண்ணம் மாறி எடுத்துக் குடித்துவிட்டுக் கேட்டார்கள், "என்ன வாப்பா, பள்ளியில இன்னைக்குப் பருப்பைக் கூடப் போட்டுட்டாங்களா?"