இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு எக்கோ: ஒரு ஸ்கேன் மையத்தின் சேவை எப்படி?

பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிட்டு வரும் என் அம்மாவுக்கு எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்க்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்ததால், எங்கள் ஊரிலுள்ள தனியார் ஸ்கேன் மையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். பரிசோதனை செய்த விதத்தில் எனக்கு முழுத் திருப்தி. அறிக்கை எழுதிய விதத்தில் பாதித் திருப்திதான்.

எக்கோ எடுத்தவர் ஒரு பெண் மருத்துவர். அம்மாவை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, போர்வையால் மூடி, ஜெல் தடவிய கருவியை விலா எலும்புகளுக்கு இடையே நகர்த்தியபடி, "மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்கம்மா" என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார். ஈ.எஃப். எனப்படும், இதயம் இரத்தத்தை வெளியேற்றும் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்திருக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. இரத்த அழுத்தக்காரர்களுக்கு அது போதாது. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து உழைக்கும் இடது கீழறையின் சுவர் தடிக்கிறது, அது தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் திறனும் குறைகிறது; இவ்வளவு நடந்த பின்பும் ஈ.எஃப். பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அம்மாவுக்கும் 62 சதவீதம் என்றே வந்தது. ஆனால் இங்கே இதயத் தசை அசையும் வேகத்தை அளக்கும் டிஷ்யூ டாப்ளரும் பார்த்ததால், தளர்வில் முதல் நிலைக் குறைபாடு இருப்பது தெரிந்தது. இரு கீழறைகளையும் பிரிக்கும் இடைச்சுவரின் தடிமன் 1.2 செ.மீ.; பெண்களுக்கு 0.9 வரைதான் இயல்பு.

குறை எங்கே என்றால், உயரம், எடை, அப்போதைய பி.பி. மூன்றையும் யாருமே கேட்கவில்லை. அறிக்கையில் அவற்றுக்கான கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. இடது கீழறைத் தசையின் எடையை உடற்பரப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் மாஸ் இண்டெக்ஸை உயரமும் எடையும் இல்லாமல் கணக்கிட முடியாது. பரிசோதனை நேரத்து அழுத்தம் தளர்வு அளவுகளைப் பாதிக்கும் என்பதால், அது பதிவாகாவிட்டால் பின்னர் எடுக்கும் எக்கோவோடு ஒப்பிடுவதும் சிரமம். வரவேற்பறையில் ஒரு எடை இயந்திரம் இருந்தும் (அதன்மேல் பழைய நாளிதழ்களை அடுக்கி வைத்திருந்தார்கள்) இந்த அலட்சியம்.

நான் கேட்டதும் மறுப்பேதும் சொல்லாமல் அளந்து, திருத்திய அறிக்கையைக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இண்டெக்ஸ் 104 என்று வந்தது. பெண்களுக்கு 95-ஐத் தாண்டினாலே தசைத் தடிப்பு என்று கொள்வார்கள்.

குறித்த நேரத்திற்குப் போயும் காத்திருக்க வேண்டியிருந்தது. படப்பதிவைக் கேட்டால்தான் தருகிறார்கள். இருந்தாலும், அடுத்த எக்கோவுக்கும் இங்கேயே போவோம், ஏனெனில் அதே கருவியில் அதே மருத்துவர் எடுத்தால்தான் சுவரின் தடிப்பு குறைந்திருக்கிறதா என்று நம்பி ஒப்பிட முடியும். நீங்கள் போவதானால், உள்ளே படுப்பதற்கு முன்பே உயரம், எடை, பி.பி. மூன்றையும் குறித்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.